பாடி என்றால் பாட்டு இல்லை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சாலையோரம் ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. வண்டி ஓட்டிக்கொண்டே, "இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேர் வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவேன். பாதி எங்கோ படித்தது, கால்வாசி யாரோ சொன்னது, மீதி அந்த நிமிஷத்தில் நானே கட்டியது. எது எந்தப் பங்கு என்று கேட்டால் எனக்கே பிரித்துச் சொல்ல வராது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பிள்ளைகள் இருவரும் நம்பிவிடுவார்கள். அதுதான் வினை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தரங்கம்பாடிக்குக் கிளம்பினோம். மூன்று இரவுகள் தங்குவதாகத் திட்டம். மகள் அப்போது ஏழாம் வகுப்பு. போய்வந்த ஊர்களைப் பற்றி ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லிப் பள்ளியில் விடுமுறை வேலை கொடுத்திருந்தார்கள். நோட்டும் கையுமாகப் பின்சீட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் எனக்குக் கேட்கவா வேண்டும்?

முதலில் இறங்கியது கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில். டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை கடலைப் பார்த்தபடி பாழடைந்து நிற்கிறது. உள்ளே சிறிய கல்லறைத் தோட்டம், மூடுகற்களில் நுணுக்கமான செதுக்கு வேலை. வெயில் கல்லில் பட்டுக் கண்ணைக் கூசியது. "இங்க எல்லாரும் செஸ் விளையாடுவாங்களாப்பா?" என்றான் பையன். அவனுக்கு ஏழு வயது. பேசாமல் இருந்திருக்கலாம். "ஆமாண்டா, அந்தக் காலத்துல கப்பல்ல வந்த வியாபாரிங்க, காத்து திரும்புற வரைக்கும் மரத்தடியில உட்கார்ந்து சதுரங்கம் ஆடினாங்களாம்" என்றேன். தமிழில் இந்த 'ஆம்' ஒரு பெரிய வசதி. பொய் சொன்னதாகவும் ஆகாது, யார் சொன்னார்கள் என்றும் சொல்ல வேண்டியதில்லை. மகள் அதைக் குனிந்து எழுதிக்கொண்டாள். எழுதும்போது அந்த 'ஆம்' கழன்றுவிட்டது. 'ஆடினார்கள்' என்று முடித்திருந்தாள்.

புதுச்சேரியில் சாப்பாடு, நெரிசல், புழுக்கம். பெயர் விளக்கம் சொல்ல அங்கே எனக்கு வேலை இல்லை. பையனே சொல்லிவிட்டான்.

பரங்கிப்பேட்டையில் மட்டும் நான் யோக்கியன். போர்ச்சுகீசியர் அதற்கு வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். முஸ்லிம் வணிகர்களிடையே மஹ்மூது பந்தர். பரங்கியர், அதாவது ஐரோப்பியர், வந்து குடியேறிய பேட்டை என்பதால் நம்மவர் வாயில் பரங்கிப்பேட்டை. 1781இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிக்கொண்ட இடம். "பரங்கிக்காய் விளையுற ஊரா?" என்று பையன் கேட்டதற்கு, அந்தக் காய்க்கும் பரங்கியர் பெயரால்தான் அந்தப் பெயர் என்று சொன்னேன். எல்லாம் சரியான தகவல். ஆனால் என்னுடைய சரியும் தப்பும் பிள்ளைகளுக்கு ஒரே குரலில்தானே கேட்டன?

தங்குவதற்குக் கடலோர ரிசார்ட் ஒன்றில் முன்பதிவு செய்திருந்தேன். இருட்டிய பிறகு போன் காட்டிய வழி ஒரு வயல் வரப்பில் போய் முட்டியது. டீக்கடையில் நிறுத்தி ரிசார்ட்டின் ஆங்கிலப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் விழித்தார். "எந்த ஊர்ல இருக்கு சார் அது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. வழி நெடுக ஊர்ப் பெயர்களுக்குப் பொழிப்புரை சொல்லிக்கொண்டு வந்தவனுக்கு, மூன்று ராத்திரி படுத்துத் தூங்கப்போகும் ஊரின் பெயர் தெரியவில்லை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சிரித்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை. 1706இல் மதபோதகர் சீகன்பால்க் வந்து இறங்கிய கரை. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் வேகமாகச் சொல்லி முடித்துவிட்டு, ஊரின் பெயருக்கு வந்தேன். அதைத்தான் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். "தரங்கம்னா அலை. பாடின்னா பாடுறது. பாடும் அலைகளின் ஊர்! கண்ணை மூடிக் கேளு." சுற்றுலாப் பிரசுரங்களிலும் அப்படித்தான் போடுகிறார்கள், நான் மட்டும் சொல்லவில்லை. மகள் அலைத்தடுப்புக் கல் ஒன்றின் மேல் உட்கார்ந்து உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வலை வேலைக்கு அதுதான் பொழுது. வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூல் சுற்றிய பிளாஸ்டிக் ஊசியைக் கண்ணிக்குள் விட்டு எடுத்தார். ஒவ்வொரு முடிச்சுக்கும் சுண்டுவிரல் ஒருதரம் நூலை இறுக்கியது. பார்வை வலையில் இல்லை, எங்கள் மேல்தான் இருந்தது.

"என்ன பாப்பா, தூக்கமா?"

"இல்ல தாத்தா, அலை பாடுறத கேக்குறேன். அதனாலதான இந்த ஊருக்கு இந்தப் பேரு?"

ஊசி நின்றது. "யாரு சொன்னா?"

மகள் என்னைக் காட்டினாள்.

"பாடின்னா ஊரு சார்" என்றார் மரியாதையாகவே. "குறிஞ்சிப்பாடி இருக்கே, அங்க குறிஞ்சியா பாடுது? காட்பாடியில காடா பாடுது?" மறுபடி ஊசியை ஓட்டினார். "எங்களுக்குப் பாடுன்னா மீன்பாடு. இன்னைக்குப் பாடு எப்படின்னுதான் கேட்டுக்குவோம். அலை சத்தத்துல பாட்டு எங்க இருக்கு? அது என்ன காத்து, கடலுக்குப் போலாமா வேணாமான்னு கேக்குறதுதான்."

பாடி என்பது குடியிருப்பு என்று எனக்குத் தெரியாதா? சென்னையில் பாடி வழியாக எத்தனை வருஷம் வேலைக்குப் போயிருக்கிறேன்! தெரிந்ததைத் தள்ளிவிட்டு, அழகாக இருக்கிறதே என்று தெரியாததைச் சொல்லியிருக்கிறேன்.

மகள் அவரிடம் வேறு என்னென்னவோ கேட்டாள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்னால் தம் வீடு இருந்த இடத்தைக் கையால் காட்டினார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. முதல் தடவையாக நானும் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது, கடல் தின்றது போக மிச்சமிருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். "பழைய பேரு அங்க கல்லுல இருக்குன்னு வந்தவங்க படிச்சுச் சொல்லியிருக்காங்க."

இருக்கிறது. மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி, அதற்கு இன்னொரு பெயர் குலசேகரன்பட்டினம். தரங்கமும் இல்லை, பாட்டும் இல்லை. அலையோரத்து ஊர் என்பதால் சடங்கன் போய்த் தரங்கம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன்.

அன்று ராத்திரி ரிசார்ட்டில் மகள் நோட்டைத் திறந்து 'பாடும் அலைகளின் ஊர்' என்பதை அடித்தாள். அடிக்குமுன் என்னைப் பார்த்தாள். "ரெண்டும் சரிதாம்மா, ஒண்ணு கல்வெட்டு, ஒண்ணு கவிதை" என்று சமாளித்துப் பார்த்தேன். என் அப்பாவும் இப்படித்தான், தோற்றுப்போன வாதத்தைக் கவிதை என்பார். மகள் அடித்துவிட்டு மேலே சடங்கன்பாடி என்று எழுதினாள். அப்புறம் கேட்டாள்:

"அப்ப அந்த செஸ் ஊர்?"

"அதையும் பாக்கணும்" என்றேன்.

அவள் தூங்கியபின் போனில் தேடிப் பார்த்தேன். சதுரங்கப்பட்டினத்தின் பழைய பெயர்களாக வருபவை ராஜநாராயணன்பட்டினம், சதுரவாசகன்பட்டினம். முதலாவது ஒரு சம்புவராய மன்னரின் பெயர். 'சதுரவாசகன்'தான் வாயில் உருண்டு உருண்டு சதுரங்கம் ஆகியிருக்கும் போலிருக்கிறது. காய் நகர்த்திய வியாபாரிகள் எங்கேயும் இல்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை அணைத்தேன். காலையில் அவள் மறந்திருந்தாள், நான் ஞாபகப்படுத்தவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. நோட்டு திரும்பி வந்தபோது தரங்கம்பாடிப் பக்கத்தில் வெறும் டிக் மட்டும் இருந்தது. சதுரங்கப்பட்டினத்துப் பக்கத்தில், மரத்தடியில் வியாபாரிகள் சதுரங்கம் ஆடும் படமும் அவளே வரைந்திருந்தாள். அதற்கு டீச்சர் சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டு 'மிக நன்று' என்று எழுதியிருந்தார். அந்த நோட்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் இன்னும் அடிக்கவில்லை.