கரடிக்குகைக்கு அப்பால்

லண்டனில் இருக்கும் மகளும் மருமகனும் விடுமுறைக்குக் கிரேக்கம் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கிறீட் தீவின் ஹனியா நகரில் தங்கியிருந்தோம். "வாப்பா, நாளைக்கு ஒரு பழைய துறவிகள்ட எடத்துக்குப் போவம். கொஞ்சம் நடக்க வேணும்" என்றாள் மகள்.

ஹனியாவுக்கு அப்பால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது அக்ரோத்திரி என்னும் நிலம். குவர்னெத்தோ மடாலயத்தோடு வாகனப் பாதை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வெயிலும் முட்பற்றையும்தான். பாதி வழியில் கரடிக்குகை. உள்ளே ஒரு பாறை, தண்ணீர்த் தொட்டியின் மேல் கரடி குனிந்து நிற்பதைப் போலவே இருக்கிறது. துறவிகளின் தண்ணீரைக் குடிக்க வந்த கரடி, மர்யமின் அருளால் கல்லாய்ப் போனதாம். நாம் மர்யம் (அலை) என்று ஓதும் அதே அன்னைக்குக் குகை வாசலில் ஒரு சிறிய ஆலயம்.

அங்கிருந்து படிகள் மலையிடுக்குக்குள் இறங்குகின்றன. இரு பக்கமும் செங்குத்தான பாறை. இடுக்கின் குறுக்கே பெரிய கற்பாலம். அதை ஒட்டி, மலையைக் குடைந்து எழுப்பிய ஆலயம். இதுதான் கத்தோலிக்கோ. அதற்கும் கீழே இடுக்கு கடலில் போய் முடிகிறது. துறவிகள் முதலில் இங்கே குகைகளில் தனித்தனியாக வாழ்ந்தார்கள். பின்னர் கடற்கொள்ளையருக்குப் பயந்து மேலே போனார்கள். நாம் வாகனத்தை விட்ட மடாலயம் 16ஆம் நூற்றாண்டில் நாலு மூலையிலும் கோபுரம் வைத்துக் கோட்டை மாதிரிக் கட்டப்பட்டதன் காரணம் அதுதான்.

இந்த இடத்துக்குப் பேர் தந்தவர் துறவி யோவான். அவர் மரணித்த கதையை மகள் படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னாள். தோலை உடுத்து, முதுகு வளைந்து, கையாலும் காலாலும் நடந்து இலை தழை தேடினாராம். தூரத்தில் நின்ற ஒருவன் ஏதோ மிருகம் என்று நினைத்து அம்பு விட்டானாம். காயத்தோடு தன் குகைக்கே திரும்பிப் போய் உயிர் விட்டாராம்.

எனக்கு அதற்குப் பிறகு பாலமும் தெரியவில்லை, ஆலயமும் தெரியவில்லை.

உம்மா மௌத்தான பிறகு என் வாப்பா வீட்டில் இருக்கவில்லை. எங்கள் தென்னந்தோட்டத்துக் காவல் குடிலுக்குப் போய்விட்டார். சோறு அனுப்பினால் சாப்பிடுவார். யாரோடும் பெரிதாகக் கதைப்பதில்லை. புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் சிலர். பிள்ளைகள் பார்க்கவில்லை என்றார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவது பேச்சுத்தான் சுட்டது.

ஒரு நாள் போய்ச் சத்தம் போட்டேன். "ஊரே சிரிக்குது வாப்பா."

அவர் கோபிக்கவில்லை. "ஒங்கள வெறுத்து வரல்ல மகன். இங்க கொஞ்சம் அமைதியா இரிக்கி. அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. அன்றே வாகனம் பிடித்துக் கூட்டி வந்து, முன்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தேன். வருவோர் போவோரெல்லாம் பார்த்தார்கள். என் மானம் தப்பியது. நாலு மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

அம்பு விட்டவனும் கெட்டவனில்லை. அவன் நின்ற தூரம் அப்படி.

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 7ஆம் திகதி யோவானின் நினைவு நாள். அன்று ஊர்ச் சனம் இந்தப் படிகளால் இறங்கி வந்து, வணக்கம் முடிந்ததும் திரும்பி ஏறிப் போய்விடுகிறது. மீதி நாட்களில் மலையிடுக்கை அவருக்கே விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் தோட்டம் வீட்டிலிருந்து இரண்டு மைல்தான். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து போய், ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு வந்திருக்கலாம். கதைக்கக்கூடத் தேவை இருந்திருக்காது.