சர்வீஸ் விட்டு எடுத்த மறுநாளே மஞ்சள் விளக்கு!

சர்வீஸ் முடிந்து கார் வீட்டுக்கு வரும் நாளில் ஒரு தனி சந்தோஷம் இருக்கும். கழுவித் துடைத்த பாடி, உள்ளே லேசான வாசனை, கால் வைக்கும் இடத்தில் விரித்த பேப்பர், கையில் நாலு பக்க பில். இனி ஆறு மாதத்துக்குக் கவலை இல்லை என்று நினைத்துக்கொண்டு மறுநாள் வண்டியை எடுத்தால், ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் இன்ஜின் படம் ஒன்று மஞ்சளாக எரிகிறது. சர்வீஸுக்கு விடும்போது இல்லாத விளக்கு!

சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் ஒன்றில் மெஷின்மேனாக இருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு இது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவும் ஆடி மாதம். ஆடிப்பெருக்கன்று புது வருஷ காலண்டர் ஆல்பம் வெளியாகும் ஊர் இது. அந்த நேரத்தில் பிரஸ்ஸில் ஒருநாள் லீவு வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதலாளியிடம் கெஞ்சி திங்கட்கிழமைக்கு மட்டும் வாங்கியிருந்தார். அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு அம்மாவோடு மதுரை கண் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். புரை ஆபரேஷன். அந்தத் தேதி கிடைக்கவே ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அந்தப் பயணத்தை நம்பித்தான் சனிக்கிழமை சர்வீஸே விட்டார்.

ஞாயிறு காலை அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போதுதான் விளக்கு வந்தது. முதலில் பார்த்தது அவர் இல்லை. "என்னய்யா அது, மஞ்சளா எரியுது?" என்று பக்கத்து சீட்டிலிருந்து கேட்டது புரை விழுந்த அம்மா.

சிறு வயதில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டிய கை அது. எழுபத்தாறு வயதிலும் ஒரு மாற்றம் என்றால் கண்ணில் பட்டுவிடும்போல.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார். ஞாயிறு லீவு. சூப்பர்வைசர் மட்டும் எடுத்தார். "சென்சார் போயிருக்கும் சார். எட்டு வருஷ வண்டில்ல? திங்கக்கிழமை கொண்டாங்க, மாத்திருவோம். அவசரம்னா வெளிய எங்கயாவது ஸ்கேனர் போட்டு அழிச்சிட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது."

அந்த 'அழிச்சிட்டு' என்ற வார்த்தைதான் அவருக்கு உறுத்தியது. முப்பது வருஷமாக பிரிண்டிங் மெஷினோடு வாழ்கிறவர். ஃபீடரில் ஒரு ஷீட்டுக்குப் பதில் இரண்டு ஷீட் ஒட்டிக்கொண்டு போனால் 'டபுள் ஷீட்' என்று மெஷின் நின்றுவிடும். ரீசெட் பட்டனை அழுத்தினால் எச்சரிக்கை போகும். ஒட்டிய ஷீட் அப்படியே தானே இருக்கும்?

அவர் யோசித்தது சரிதான். காரில் அந்த விளக்கு எதற்காக வைக்கப்பட்டது என்று தெரிந்தால் இன்னும் தெளிவாகும். புகையால் திணறிய கலிஃபோர்னியா மாகாணம் போட்ட விதிகளில் இருந்து வளர்ந்தது அது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லா புது கார்களிலும் ஓ.பி.டி 2 என்கிற சுயபரிசோதனை முறை கட்டாயமானது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் தொடங்கிப் படிப்படியாக வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ் 6 வந்த பிறகு பைக், ஸ்கூட்டரில்கூட அதே மஞ்சள் படம் இருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு சென்சாரையும் ஓயாமல் கவனிக்கிறது. ஏதாவது கணக்குக்குள் அடங்காமல் போனால் அதற்கு ஒரு கோடு நம்பர் எழுதி வைத்துக்கொண்டு விளக்கைப் போடுகிறது. டிரைவர் பக்கம், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் அந்த நம்பரைப் படிக்கலாம்.

அதை அழிப்பது என்றால் நோயாளியின் சீட்டைக் கிழித்துப்போடுவது மாதிரிதான். கோளாறு இருந்தால் விளக்கு திரும்ப வரும். அதற்குள் என்ன நம்பர் இருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

சரி, ஓட்டலாமா கூடாதா? இது நிறத்தைப் பொறுத்தது. சிவப்பு எரிந்தால் விவாதமே வேண்டாம். ஆயில் பிரஷர், இன்ஜின் சூடு, பிரேக் இதெல்லாம் சிவப்பில் வந்தால் ஓரமாக நிறுத்த வேண்டியதுதான். சர்வீஸில் ஆயில் மாற்றிய மறுநாள் ஆயில் விளக்கு வந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. டிரெயின் போல்ட்டோ ஃபில்டரோ சரியாக முறுக்கப்படாமல் ஆயில் ஒழுகியிருக்கலாம். மஞ்சள் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல இழுத்தால், மெதுவாக மெக்கானிக் வரை போகலாம். அதே மஞ்சள் விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. பெட்ரோல் எரியாமல் சைலன்ஸர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அங்கே இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடாகிக் கெட்டுவிடும், அதன் விலை கேட்டால் தலை சுற்றும்.

அவருடைய காரில் எரிந்தது நிலையான மஞ்சள். மதியம் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் திருத்தங்கல் ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார். முப்பது வயதுக்குள் இருக்கும் அந்தத் தம்பி சொன்ன முதல் வார்த்தை, "அண்ணாச்சி, அழிக்கிறது இருக்கட்டும், மொதல்ல போட்டோ எடுத்துக்கோங்க."

ஸ்கேனரில் வந்த கோடு பி 0113. இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையைச் சொல்லும் சென்சாரில் இருந்து வரும் சிக்னல் அளவுக்கு மேல் இருக்கிறது என்பது அதன் பொருள். அடுத்த பக்கத்தில் அந்த சென்சார் காட்டிய வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி.

ஆடி மாதத்து சிவகாசி வெயிலில் மைனஸ் 40! மெக்கானிக்கே சிரித்துவிட்டார். "சியாச்சின்ல நிக்கிதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு அண்ணாச்சி உங்க வண்டி."

சிரிப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. குளிர் கூடக் கூட இந்த சென்சாரின் மின்தடை கூடும். வயர் கழன்றுவிட்டால் மின்தடைக்கு எல்லையே இல்லை. அதனால் கம்ப்யூட்டர் அதைக் கடும் குளிர் என்று எடுத்துக்கொள்கிறது. ஆக, கோடில் சென்சாரின் பெயர் இருப்பதால் சென்சார் கெட்டுவிட்டது என்று ஆகிவிடாது. சென்சார், வயர், பிளக் மூன்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். பாகத்தை மாற்றச் சொல்வதற்கு முன் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். பலர் பார்ப்பதில்லை என்பதுதான் நம்மூர் நிலவரம்.

பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்த சின்ன பிளக்கை விரலால் தொட்டார் மெக்கானிக். ஆடியது. உட்கார்ந்த மாதிரி இருந்தது, ஆனால் லாக் ஆகவில்லை. அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். ஸ்கேனரில் மைனஸ் 40 மறைந்து 41 வந்தது. சர்வீஸில் ஏர் ஃபில்டர் மாற்றுவதற்காகக் கழற்றிய பிளக்கைத் திரும்பச் செருகியவர் அந்த 'டிக்'கைக் கேட்காமல் விட்டிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

சர்வீஸுக்குப் பிறகு வரும் விளக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஜாதிதான் என்கிறார் அந்த மெக்கானிக். காற்றுக் குழாயின் கிளிப் தளர்ந்திருக்கும். ஸ்பார்க் பிளக் மாற்றியிருந்தால் காயில் பிளக் சரியாக ஏறியிருக்காது. பிரேக் பேட் மாற்றியிருந்தால் சக்கரத்துப் பக்கம் போகும் ஏ.பி.எஸ் வயர் இழுபட்டிருக்கும். உள்ளே சுத்தம் செய்தபோது சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பிளக் கழன்றால் ஏர்பேக் விளக்கு வரும்; அந்த பிளக்கை மட்டும் வீட்டில் நாமே நோண்டக் கூடாது. டயர் மாற்றிப் போட்டால் சில வண்டிகளில் காற்று விளக்கை ரீசெட் செய்ய வேண்டும். ஸ்பேனர் படம் வந்தால் பயமே வேண்டாம், அடுத்த சர்வீஸ் தேதியை அவர்கள் மாற்றிவைக்க மறந்திருப்பார்கள்.

எனவே சர்வீஸ் முடிந்து ஒன்றிரண்டு நாளில் விளக்கு வந்தால், 'நேற்று எதையெல்லாம் கழற்றினார்கள்?' என்று பில்லைப் பார்ப்பதுதான் முதல் வேலை. தேடவேண்டிய இடம் பெரும்பாலும் அதில் இருக்கும்.

மெக்கானிக் காசு வாங்கவில்லை. டீ போதும் என்றார். திங்கள் விடிகாலை நாலே முக்காலுக்குக் கிளம்பி, ஆமத்தூர், விருதுநகர், திருமங்கலம் வழியாக ஏழு மணிக்கு முன்பே மதுரை சேர்ந்துவிட்டார்கள். விளக்கு வரவில்லை. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

ஆனால் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. அந்த பிளக்கைச் செருகிய பையன் அவருக்குத் தெரிந்தவன். அதே தெரு. ஐ.டி.ஐ முடித்து நாலு மாதம் முன்னால்தான் அந்த சர்வீஸ் சென்டரில் சேர்ந்திருந்தான். புகார் எழுதினால் பையன் சம்பளத்தில் கை வைப்பார்கள், வேலையே போகலாம். எழுதாவிட்டால் அடுத்தவர் வண்டியில் கழன்றிருப்பது பிரேக் வயராக இருக்கலாம். "சின்னப் பையன், விடுங்க" என்றார் மனைவி. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

செவ்வாய்க்கிழமை பிரஸ் முடிந்து சர்வீஸ் சென்டருக்கு நேரில் போனார். மொபைலில் இருந்த கோடு போட்டோவையும் பில்லையும் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தார். பையன் பெயரை எடுக்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி: "வண்டியைக் கழுவினதுக்கு அப்புறம் யாராவது ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தீங்களா தம்பி?" ஜாப் கார்டில் 'டிரைவ் டெஸ்ட்' கட்டத்தில் டிக் இருந்தது. ஓட்டியவர் கையெழுத்து இல்லை. சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சனிக்கிழமை பதினாலு வண்டி, ஆள் இல்லை என்றார். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நாலு மாதப் பையனின் வேலையை இன்னொரு கண் பார்க்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்கும் சேர்த்துத்தான் பில்லில் லேபர் சார்ஜ் வாங்குகிறார்கள்.

இப்போதெல்லாம் வண்டியை டெலிவரி எடுக்கும்போதே அவர் ஒரு காரியம் செய்கிறார். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒருமுறை எரிகிறதா, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொன்றாக அணைகிறதா என்று பார்க்கிறார். பிறகு சூப்பர்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் ஓட்டுகிறார்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இந்த சோதனை உதவும். சாவி ஆனில் இருக்கும்போது இன்ஜின் படம் எரியவே இல்லை என்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பல்பைக் கழற்றியோ, பின்னால் கறுப்பு டேப் ஒட்டியோ விற்க வருகிறவர்கள் உண்டு. அப்படி இருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மீட்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.