வாசலுக்கு வராத தேர்தல்

பிப்ரவரி 6, 2025, வியாழன் – வீரப்பன்சத்திரம்

நேற்று ஈரோடு கிழக்கில் வாக்குப்பதிவு முடிந்தது. சுமார் 68 சதவீதம். 2023 இடைத்தேர்தலில் 75ஐ நெருங்கியிருந்தது.

எங்கள் ஆய்வு வேலை இன்று தொடக்கம். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கப் போவதில்லை. போட்டுவிட்டு வந்த அனுபவம் எப்படி என்பதுதான் கேள்வி. பட்டியலில் பெயர் இருந்ததா, பூத் சிலிப் கைக்கு வந்ததா, வரிசையில் எவ்வளவு நேரம், சாய்தளம் இருந்ததா, விவிபேட் கண்ணாடிக்குள் சீட்டு தெரிந்ததா.

வாக்காளர் பட்டியலில் குறிப்பிட்ட இடைவெளி விட்டுப் பெயர்களை எடுத்து அந்தந்த வீட்டுக்கே போக வேண்டும். ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் நுழைந்துவிடக் கூடாது. கூட வரும் கல்லூரிப் பெண்களுக்கு இந்த விதிமேல்தான் கோபம். டீக்கடையில் அத்தனை பேர் பேசக் காத்திருக்க, பூட்டிய கதவை ஏன் மறுபடி மறுபடி தட்ட வேண்டும் என்கிறார்கள். டீக்கடைக்காரர்கள் எப்போதும் பேசுகிறவர்கள். பேசாதவர்கள் பார்த்த தேர்தல் வேறு.

முதல் வாசலில், "உரிமைத்தொகைக்குங்களா?" என்று ஆதார் நகலோடு வந்து நின்றார் ஒரு அம்மா. இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எந்தக் கட்சிங்க நீங்க?" எந்தக் கட்சியும் இல்லை என்று விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னதில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

பிப்ரவரி 7, வெள்ளி – கருங்கல்பாளையம்

கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஓட்டுப் போட்டதாகத்தான் சொல்கிறார்கள். பத்தில் மூன்று பேர் போடவே இல்லை. அவர்களெல்லாம் எந்தத் தெருவில் இருக்கிறார்களோ! எல்லா நாட்டு ஆய்வாளர்களுக்கும் உள்ள தலைவலிதான் இது. நமக்கு மட்டும் ஒரு வசதி, இடது ஆள்காட்டி விரல். நகக்கணுவில் ஏறிய மை சில வாரத்துக்குப் போகாது. பேச்சினூடே விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன்.

இந்த ஊரில் அதுவும் முழுசாகக் கைகொடுக்கவில்லை. சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவர் கையை நீட்டினார். பத்து விரலும் கருநீலம். "இதுல எது கவர்மெண்டு மைன்னு நீங்களே கண்டுபிடிங்க அம்மணி" என்று சிரித்தார். மஞ்சள் மண்டிக்குப் போகும் பெண்ணிடம் பரவாயில்லை, மஞ்சள் ஏறிய நகத்திலும் அந்தக் கோடு தனியாகத் தெரிந்தது.

விவிபேட் சீட்டு ஏழு விநாடி தெரியும். அங்கே பார்க்க வேண்டும் என்பதையே பலர் அறிந்திருக்கவில்லை. "பீப்புனு சத்தம் வந்துச்சுங்க, வந்துட்டனுங்க." சத்தமே அவர்களுக்கு ரசீது.

46 வேட்பாளர், நோட்டாவோடு 47 பொத்தான், ஒரு கருவிக்கு 16 வீதம் மூன்று கருவிகள். 2023இல் 77 பேர் நின்றதால் ஐந்து. "போன தடவை மேசை நீளத்துக்கு அடுக்கி வெச்சிருந்தாங்க, சின்னத்தைத் தேடறதுக்குள்ள கண்ணு பூத்துப்போச்சு" என்றார் கண்புரை உள்ள பெரியவர். அவர் கணக்கில் இது நல்ல தேர்தல்.

85 வயது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே வாக்குப்பதிவு. அப்படிப் போட்ட ஆத்தா ஒருவரிடம் வசதியாக இருந்ததா என்று கேட்டேன். "வசதிக்கென்ன கண்ணு, வூட்டுக்கே வந்தாங்க. ஆனா பூத்துக்குப் போனா நாலு சனத்தைப் பாக்கலாம்ல." இதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பிப்ரவரி 8, சனி

சித்தோட்டில் வாக்கு எண்ணிக்கை. களவேலைக்கு விடுமுறை. தி.மு.க.வின் சந்திரகுமார் 1,15,709, நாம் தமிழர் சீதாலட்சுமி 24,151, நோட்டா 6,109. இரண்டாமிடம் வந்தவருக்கும் டெபாசிட் போயிற்று. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் தே.மு.தி.க.வும் களத்துக்கே வராத தேர்தலில் வேறென்ன முடிவை எதிர்பார்க்க முடியும்.

2021 சட்டமன்றம், 2022 மாநகராட்சி, எம்.எல்.ஏ. திருமகன் ஈவெரா மறைவால் 2023 இடைத்தேர்தல், 2024 நாடாளுமன்றம், அவர் இடத்துக்கு வந்த தந்தை இளங்கோவனும் மறைய இப்போது இது. நான்கு ஆண்டுக்குள் ஐந்தாம் முறை இதே சனம் வரிசையில் நின்றிருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு – பி.பெ. அக்ரஹாரம்

முடிவு வந்தபின் பேச்சின் தொனி மாறிவிட்டது. நாங்கள் கேட்காமலே, ஜெயித்தவருக்குப் போட்டதாகச் சொல்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் இடைப்பட்ட நாட்களிலேயே ஆய்வை முடிக்கப் பார்ப்பது இதனால்தான். எனக்குப் புதிதாக இருந்தது நோட்டா. வெள்ளிக்கிழமை வரை அந்தச் சொல்லே காதில் விழவில்லை. பேப்பரில் ஆறாயிரத்தைப் பார்த்த பிறகு, "அதுல ஒண்ணு நம்மளுதுங்க" என்கிறார் ஒரு மளிகைக்கடைக்காரர், பெருமையாகவே.

இன்றைக்கு முக்கியமான பேச்சு ஒரு தறிக்காரர் வீட்டில். வரிசை, சாய்தளம், குடிநீர் எல்லாவற்றுக்கும் "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார் அந்த வீட்டு அக்கா. வேறு ஏதாவது குறை உண்டா என்றதும், "ஒருத்தரும் வந்து கேக்கலீங்களே" என்றார்.

ஆளுங்கட்சிக்காரர்கள் ஒரு நடை வந்து நோட்டீஸ் கொடுத்தார்கள். இன்னொரு வண்டி மைக்கில் பேசிக்கொண்டே தெருவைக் கடந்தது. அவ்வளவுதான். 2023இல் இதே தொகுதி எப்படி இருந்தது என்பது ஊரறியும். அமைச்சர்கள் தெருத்தெருவாக முகாம், எதிரணியும் சளைக்காமல் முகாம். வாக்காளர்களைப் பட்டியில் அடைத்துவைக்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் புகார் சொன்னதும் அப்போதுதான்.

"காசு வரலைன்னு வருத்தமில்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். அதை வுடுங்க. போன தடவை ஓட்டுக் கேக்க வந்தவங்ககிட்ட சாக்கடையைக் காட்டினேன். சாயங்காலமே ஆள் வந்து அள்ளினாங்க. அடுத்த நாளு எதிர்க்கட்சிக்காரங்க வந்து வேற என்ன வேணும்னு கேட்டாங்க. இந்த தடவை யாருகிட்டச் சொல்றது?"

திருமங்கலம் 2009 தொடங்கி, பணப் புகாரால் 2017 ஏப்ரலில் ரத்தான ஆர்.கே. நகர் வரை, தமிழ்நாட்டு இடைத்தேர்தல் என்றாலே காசு என்று எழுதிவிட்டோம். காசு உண்மைதான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கூத்துக்குள்ளேயே, வாக்காளர் பேரம் பேசி வேலை வாங்கிக்கொள்ளும் சில நாட்களும் இருந்தன. போட்டி போனதும் காசோடு அந்த நாட்களும் போய்விட்டன. சாய்தளமும் பந்தலும் சரியாக இருந்த ஒரு வாக்குச்சாவடியில், தன்னிடம் யாருக்கும் எதுவும் ஆக வேண்டியதில்லை என்று தெரிந்தே ஒரு பெண் பொத்தானை அழுத்திவிட்டு வந்திருக்கிறார். இந்தத் தேர்தலில் அவருடைய அனுபவம் என்றால் இதுதானே?

பிப்ரவரி 10, திங்கள்

நாளை தைப்பூசம். பட்டியலில் உள்ள வீடுகள் பலவும் பூட்டு. பழனிக்கு நடந்து போயிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மறுபடியும் விதிமேல் கோபம்.

பிப்ரவரி 12, புதன்

படிவங்களைக் கணினியில் ஏற்றும் தம்பி, அக்ரஹாரத்து அக்காவின் பதிலை 'குறை இல்லை' என்று போட்டிருந்தார். வாக்குச்சாவடி பற்றிய கேள்விகளில் குறை எதுவும் சொல்லவில்லையே என்பது அவர் வாதம். அப்படியானால் "பணம் வரவில்லை" என்று போடட்டுமா என்றார். அதுவும் வேண்டாம், தனிக் குறியீடு கொடு என்றேன். ஒரு ஆளுக்காகவா என்று தயங்கினார். மற்ற படிவங்களை எடுத்துப் பார்த்தோம். ஓரங்களில் பென்சிலில் பிள்ளைகள் எழுதிவைத்த குறிப்புகள்: தெருவிளக்கு, பட்டா, ரேஷன் கடை மாற்றம், "சொல்ல ஆள் வரல". தனிக் குறியீட்டுக்கு ஒத்துக்கொண்டார். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து படித்தாக வேண்டும், அடுத்த வாரம் வரை இழுக்கும்.