ஏர்-கூல்டுன்னா நம்பாதீங்க

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் எனக்கு உருப்படியா புரிஞ்சது பழைய போர்ஷே 911-ஐப் பத்திப் படிச்சப்பதான். 1998 வரைக்கும் ஏர்-கூல்டு 911 வந்துச்சு. ஆனா பேர்ல பாதிதான் உண்மை. ஃபேன் சிலிண்டர் மேல காத்தடிக்கும். மீதி சூட்டை அள்ளிட்டுப் போறது இன்ஜின் ஆயில்தான்.

இன்ஜின் பின்னாடி. கூடுதல் ஆயில் கூலரோ முன்பக்க வலது மட்கார்டுக்குள்ள. எழுபதுகள்ல வந்த பல கார்ல அது வெறும் வளைஞ்ச குழாய், டிராம்போன்னு செல்லப்பேரு. ஓடுறப்போ சரி, சிக்னல்ல நின்னா காத்துக்கு எங்க போறது? பிற்பாடு கரேராவுக்கு ரேடியேட்டர் மாதிரி கூலர் வந்துச்சு, அப்புறம் அதுக்கு ஃபேனும்.

இப்போ அப்கிரேடு பண்றவங்க நேரா பெரிய கூலர் வாங்குறாங்க. பரப்பு கூடினா சூடு போகும், ஃபார்முலா சரிதான். ஆனா அடைஞ்ச மட்கார்டுக்குள்ள காத்து நுழைஞ்சு வெளியேற வழி வேணுமே! அதுக்காக சிலர் முன் பம்பரையே வெட்டுறாங்க. நாப்பது வருஷ பாடிங்க அது. நானா இருந்தா முதல்ல ஃபேன்தான்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. இன்ஜின் நல்லா சூடானதும் கூலருக்குப் போற குழாயைத் தொட்டுப் பாருங்க, ஜாக்கிரதையா. ஜில்லுனு இருந்தா தெர்மோஸ்டாட் திறக்கவே இல்லை. எவ்வளவு பெரிய கூலர் மாட்டினாலும் அதுக்குள்ள ஆயில் போகாது.