அணுவைப் பார்த்தவர் யார்?

"அணுவளவும் சந்தேகமில்லை" என்று பேச்சிலும் எழுத்திலும் நாம் அடிக்கடி சொல்லுகிறோம். வேடிக்கை என்னவென்றால், அந்த அணுவைப் பற்றியே ஒரு காலத்தில் மலையளவு சந்தேகம் இருந்தது. அதுவும் பாமரர்களிடையே அல்ல. ஐரோப்பாவின் தலைசிறந்த சாஸ்திரிகளிடையே! 1900-ம் ஆண்டில்கூட, அணு என்பது ரஸாயனக் கணக்குகளுக்கு ஏற்ற ஒரு சௌகரியமான கற்பனையே தவிர, மெய்யாக அப்படி ஒரு வஸ்து உண்டு என்று நம்புவது விஞ்ஞானத்துக்கு அழகல்ல என்ற கொள்கையுடைய பேராசிரியர்கள் இருந்தார்கள்.

இந்த விஷயத்தை நான் துருவிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் தமையனாரின் புதல்வி. கலாசாலையில் படிக்கும் அந்தப் பெண் ஒரு நாள், "சித்தப்பா! மேல்நாட்டார் கண்டுபிடிப்பதற்கு முன்பே நம் கணாத மகரிஷி அணுவைக் கண்டுபிடித்துவிட்டாராமே, நிஜந்தானா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்று சொல்லியிருந்தால் அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் சிரமமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்வது வேறு, அதை நிரூபிப்பது வேறு அல்லவா?

கணாதரும் அவரைப் பின்பற்றிய வைசேஷிக ஆசிரியர்களும் சொன்னது சாமானிய விஷயமன்று. ஒரு பொருளை முடிவே இல்லாமல் பிளந்துகொண்டு போகலாம் என்றால், மேரு மலைக்கும் கடுகுக்கும் உள்ள பாகங்கள் இரண்டுமே எண்ணிலடங்காதவையாகிவிடும். அப்போது மலை ஏன் பெரிது, கடுகு ஏன் சிறிது? ஆகையால் பிளக்க முடியாத பரமாணு ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று அவர்கள் வாதித்தார்கள். பரமாணு இரண்டு சேர்ந்தது துவியணுகம். துவியணுகம் மூன்று சேர்ந்தது திரியணுகம். சாளரத்தின் வழியே விழும் சூரிய கிரணத்தில் மிதக்கும் துகள் இருக்கிறதே, அதுதான் கண்ணுக்குத் தெரியும் திரியணுகம் என்றார்கள். கிரேக்க தேசத்தில் டெமாக்ரிட்டஸ் என்பவரும் அணுக்கொள்கை சொன்னார். அந்தக் கொள்கையைப் பாட்டாகப் பாடிய ரோமானியக் கவி லுக்ரீஷியஸும் அதே சூரிய கிரணத்துத் தூசியைத்தான் எடுத்துக் காட்டினார்! வெயிலில் பறக்கும் தூசி இரு தேசத்து அறிஞர்களையும் ஒரே விதமாகச் சிந்திக்கச் செய்தது என்பதை நினைக்கும்போது மனம் பூரிக்கிறது.

என்றாலும், அந்தத் தூசி துள்ளுவது பெரும்பாலும் அறையிலுள்ள காற்றோட்டத்தால்தான். அணுவுக்கு அது சாட்சியாகாது. பழையவர்களுடைய வாதம் கூர்மையானது. அதை எடை போட்டுப் பார்க்கும் தராசு அக்காலத்தில் யாரிடமும் இல்லை.

1808-ல் இங்கிலாந்தில் ஜான் டால்ட்டன், பொருள்கள் ஒன்றோடொன்று சேரும் எடை விகிதங்களை அணுக்களைக் கொண்டு விளக்கினார். ரஸாயன நூல்களில் அணு இடம் பெற்றது. ஆனால் ஓர் அணு எவ்வளவு பெரியது, என்ன எடை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

இங்கேதான் லுட்விக் போல்ட்ஸ்மன் வருகிறார். 1844-ல் வியன்னா நகரில் பிறந்தவர். உஷ்ணம் என்பது கோடானுகோடி அணுக்களின் ஓட்டமே என்பதைக் கணிதத்தால் காட்டுவதிலே ஆயுளைச் செலவிட்டார். அதே வியன்னா ஸர்வகலாசாலையில் எர்ன்ஸ்ட் மாக் என்ற பேராசிரியர் இருந்தார். யாராவது அணுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "நீர் ஒன்றைப் பார்த்ததுண்டா?" என்று அவர் கேட்பாராம். ஜெர்மனியில் ஆஸ்ட்வால்ட் என்ற ரஸாயன மேதை, சகலமும் சக்தியே, அணுவே வேண்டியதில்லை என்று வாதாடினார். மாக்கின் கேள்வி அற்பமான கேள்வியல்ல என்பது என் அபிப்பிராயம். கண்ணால் காணாததை நம்பாதே என்ற கண்டிப்பு இல்லாமல் சாஸ்திரம் ஏது? ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய மனிதரோ, மனச்சோர்வு என்னும் நோயினால் அடிக்கடி வாடியவர். கண் பார்வையும் மங்கி வந்தது. 1906 செப்டம்பரில், ட்ரியெஸ்ட் நகருக்கு அருகே துயினோ என்ற கடலோர ஊரில், மனைவியுடனும் மகளுடனும் விடுமுறைக்குச் சென்றிருந்த இடத்தில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வாதத்தில் தோற்றதால் இறந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். நோயையும் துக்கத்தையும் அவ்வளவு சுலபமாக ஒரு காரணத்தில் அடக்கிவிட முடியுமா?

அவருக்கு வேண்டியிருந்த சாட்சி ஒரு துளி நீரில் இருந்தது. 1827-லேயே ராபர்ட் பிரௌன் என்ற தாவர சாஸ்திரி, மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாமல் துடிப்பதைப் பூதக்கண்ணாடியில் கண்டார். உயிர் இருப்பதால் துடிக்கிறதோ என்று ஐயுற்று, கண்ணாடித் தூளையும், எகிப்திய ஸ்பிங்க்ஸ் சிலையின் ஒரு துணுக்கையும்கூடப் பொடித்துப் போட்டுப் பார்த்தார். அவையும் துடித்தன! 1905-ல், பெர்ன் நகரத்தில் காப்புரிமைக் காரியாலயத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த இருபத்தாறு வயது ஐன்ஸ்டீன், நீரின் மூலக்கூறுகள் இடிப்பதால் இத்தகைய துகள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் நகரும் என்று கணக்கிட்டுக் கொடுத்தார்.

பாரிஸில் ஜான் பெர்ரன் செய்த காரியந்தான் என்னை மிகவும் கவர்ந்தது. சித்திரக்காரர்கள் மஞ்சள் வர்ணத்துக்கு உபயோகிக்கும் காம்போஜ் என்ற பிசினை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு கிலோ பிசினைக் கரைத்து, சுழற்றிச் சுழற்றிப் பிரித்து, பல மாதம் பாடுபட்ட பிறகு ஒரே அளவுள்ள உருண்டைகளாக அவருக்குக் கிடைத்தது ஒரு கிராமுக்கும் குறைவு! அவற்றை நீரில் மிதக்கவிட்டு, ஒவ்வொரு மட்டத்திலும் எத்தனை நிற்கின்றன என்று எண்ணினார். பதின்மூவாயிரம் உருண்டைகளை எண்ணினார் என்றால் அந்தப் பொறுமையை என்ன சொல்வது! ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து, முப்பது முப்பது பங்காக மேலே போகப்போக, எண்ணிக்கை 100, 47, 22.6, 12 என்று ஏறக்குறையப் பாதி பாதியாகக் குறைந்தது.

நம் தலைக்கு மேலுள்ள காற்றும் இப்படித்தான் குறைகிறது. ஆனால் அது பாதியாவதற்குச் சுமார் ஐந்தரை கிலோமீட்டர் ஏறவேண்டும். இரண்டும் ஒரே விதி. அப்படியானால், மிதப்புப் போக அந்த உருண்டையின் எடை, காற்றின் ஒரு மூலக்கூறைப் போல் எத்தனை மடங்கு? இரண்டு உயரங்களையும் வகுத்தால் போதும். காகிதத்தைக் கொடுத்து என் தமையனார் மகளையே போடச் சொன்னேன். "பதினெட்டுக் கோடி மடங்கு, சித்தப்பா!" என்றாள். உருண்டையின் எடை பெர்ரனுக்குத் தெரியும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு தராசில் ஏறிவிட்டது!

1908-ல் இந்த முடிவுகள் வெளிவரத் தொடங்கின. ஆஸ்ட்வால்ட் தம் பாடநூலின் அடுத்த பதிப்புக்கு முன்னுரை எழுதுகையில், அணுக்கொள்கை நிரூபணமாகிவிட்டது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். பெர்ரனுக்கு 1926-ல் நோபல் பரிசு கிடைத்தது. மாக்கின் கேள்விக்கு நேரான பதிலும் பின்னால் வந்தது. 1981-ல் ஸூரிச்சுக்கு அருகே பின்னிக், ரோரர் என்ற இருவர் அமைத்த கருவி, ஒரு பொருளின் மேற்பரப்பிலுள்ள அணுக்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக் காட்ட வழி செய்தது.

துயினோவில் இறந்தவருக்கு இவையெல்லாம் தெரியாது. வியன்னா மயானத்தில் அவருடைய மார்பளவு சிலைக்கு மேலே ஒரு சிறு சூத்திரத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். அதிலே 'கே' என்ற ஓர் எழுத்து வருகிறது. போல்ட்ஸ்மன் மாறிலி என்று அதற்குப் பெயர். 2019 மே மாதம் 20-ந் தேதி முதல், உலகத்தார் உஷ்ண நிலையை அளக்கும் கெல்வின் என்ற அலகுக்கு அந்த எண்ணையே ஆதாரமாக வைத்திருக்கிறார்கள்.