நுரை அடங்கும் சத்தம்

நாகர்கோவிலுக்கு மருமகளாக வந்த வருடம், டிசம்பர் பிறந்து வாசலில் நட்சத்திரம் ஏறியதுமே வீட்டில் பலகாரப் பேச்சு தொடங்கிவிட்டது. திருச்சியில் எங்கள் வீட்டில் கேக் கடையிலிருந்து வரும். அம்மா கலகலா மட்டும் செய்வாள். இங்கே அத்தைக்கு அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் வீட்டு அடுப்பிலிருந்து இறங்கினால்தான் பண்டிகை. நான் அவரிடம் கேட்டுத்தான் இந்த வேலைக்குள் வந்தேன். இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அச்சு முறுக்குக்குப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்துப் பரப்ப வேண்டும். அள்ளிப் பிடித்தால் ஈரம் தெரியணும். கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் திரித்து அரிப்பில் சலித்த மாவோடு தேங்காயின் முதல் பால், முட்டை, சீனி, உப்பு, எள் சேரும். பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு ஆகாது. இளக்கணும் என்றால் இரண்டாம் பால். அளவு கேட்டால் அத்தை சொல்ல மாட்டார். "தேங்கா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி மக்ளே, நான் என்ன அளவு சொல்லதுக்கு?" அவர் சொல்வது சரிதான். முற்றல் தேங்காயில் பால் கொழுப்பாக வரும், இளசில் நீர்த்து வரும். மாவு அதற்கேற்றபடிதான் பாலைக் குடிக்கும். அகப்பையை மாவில் முக்கியெடுத்து அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுப்பார். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. நான் எழுதிவைத்திருப்பது அந்தக் கோட்டைத்தான், கிராம் கணக்கை அல்ல.

அச்சு பித்தளை. அத்தையின் அம்மா கொடுத்தனுப்பியது. புது அச்சென்றால் கஞ்சித்தண்ணீரில் சில நாள் கிடந்து, பிறகு எண்ணெயில் ஊறி, அப்புறம்தான் மாவைத் தொடலாம். இல்லாவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலவே கழலாது. பழகிய அச்சுக்கு சோப்பு காட்டக் கூடாது. துணியால் துடைத்து எண்ணெய் பூசி வைத்தால் போதும்.

பொரிப்பதில்தான் பாடமே இருக்கிறது. அச்சைக் காயும் தேங்காய் எண்ணெயிலேயே போட்டு வைக்கணும். சூடேறியதும் தூக்கி, எண்ணெயை உதறிவிட்டு, மாவில் முக்கால் உயரத்துக்கு மட்டும் இறக்கணும். மேல்விளிம்பையும் மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொண்டு நிற்கும். அச்சில் சூடு குறைந்திருந்தால் மாவு பிடிக்காது. சூடு சரியாக இருந்தால் மாவு தொட்ட கணமே 'சொய்ங்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைப் பழகத்தான் அத்தை என்னை முதலில் அடுப்போரம் முக்காலியில் உட்கார வைத்தார். அச்சைக் கையில் தரவில்லை. "பாக்கண்டாம், கேளு."

எண்ணெயில் இறங்கியதும் எழுவது இன்னொரு சத்தம், பேரிரைச்சல். மாவிலிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ்விட்டு வெளியேறுகிறது. லேசாகக் குலுக்கினால் முறுக்கு கழன்று மிதக்கும்; கம்பியால் புரட்டிவிடணும். நீர் வற்ற வற்ற இரைச்சல் தணிந்து, நுரை மெலிந்து, கடைசியில் ஒரு முணுமுணுப்பாக நிற்கும். அப்போது எடுக்கணும். நிறத்தைப் பார்த்து எடுத்தால் பிந்திவிடும். சீனியும் முட்டையும் சேர்ந்த மாவு வெளியே வந்த பிறகும் தன் சூட்டிலேயே சிவந்துகொண்டிருக்கும்.

அதனால்தான் அத்தை இதைப் பகலில் செய்வதில்லை. ராச்சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் படுத்து, டிவி ஓய்ந்த பிறகே எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறும். அவர் முக்கியெடுப்பார், நான் புரட்டி, வடித்து, தாள் விரித்த சுளகில் அடுக்குவேன். பேச்சு கிடையாது. புது மருமகளுக்கு அந்த மௌனம் கனமாக இருந்திருக்கலாம். எனக்கு இருக்கவில்லை, அதற்கு ஒரு காரணம் இருந்தது. இருவரும் ஒரே சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தோம். நுரை அடங்கும்போது அவர் என்னைப் பார்ப்பார், நான் கம்பியை நீட்டியிருப்பேன். மாமாவைப் பற்றி அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது அப்படியொரு ராத்திரியில், இரண்டு முறுக்குக்கு நடுவில். "தேங்கா துருவது அவருதான். ஒரு சிரட்டைய என்னைத் தொட விடமாட்டாரு." அடுத்த அச்சு இறங்கியது. இப்போது தேங்காய் துருவுவது என் கணவர்.

நடுவில் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிடுவோம். சபையிலிருந்து கேரல் ரவுண்ட்ஸ் வருகிறார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவோடு பையன்கள் திண்ணையில் நின்று பாடி, ஜெபித்து, காணிக்கை வாங்கிக்கொண்டு போவார்கள். அன்றைய சூட்டில் உடைந்த முறுக்கெல்லாம் அவர்கள் கையில்தான்.

முறுக்கை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் அத்தைக்கு உண்டு. இழை தடித்திருந்தால் மாவு கெட்டி. 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து இந்த ஊரில் ஊன்றிய லேஸ் பின்னல் வேலையை அத்தையின் அம்மாவும் செய்தவர். பின்னி முடித்த துண்டை அவரும் இப்படித்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாராம். நல்ல அச்சு முறுக்கு லேஸ் மாதிரியேதான் இருக்கும்: இழையைவிட இடைவெளிதான் கண்ணில் படும்.

இதே அச்சு உலகில் வேறு இடங்களிலும் இருக்கிறது. மலையாளக் கரையில் அச்சப்பம். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ். நார்வேயிலும் சுவீடனிலும் கிறிஸ்துமஸுக்கே நீளக் கைப்பிடி இரும்பச்சைக் கோதுமை மாவில் முக்கிப் பொரித்துச் சீனிப்பொடி தூவுகிறார்கள். அரிசியும் தேங்காய்ப்பாலும் நம்முடையவை. நார்வேக்காரப் பாட்டி ஒருவர் பொரிக்கும் வீடியோவை அத்தையிடம் காட்டினேன். மாவு விளிம்பைத் தாண்டாமல் அச்சு இறங்குவதைக் கவனித்துவிட்டு, "நல்லா படிச்சிருக்கா" என்றார்.

முந்திரிக்கொத்து பகல் வேலை; பேசிக்கொண்டே செய்யலாம். அதில் முந்திரிப்பருப்பு ஒன்றுகூட இல்லை. சிறுபயறை வாசம் வர வறுத்து, கொரகொரப்பாகத் திரித்து, வறுத்த தேங்காய்த்துருவல், எள், ஏலம், சுக்கு சேர்த்து, கம்பிப்பாகில் கிளறிச் சூட்டோடு உருட்டணும். கை பொறுக்காத சூடு; ஆறவிட்டால் உருண்டை பிடிக்காது. மறுநாள் அரிசிமாவும் மஞ்சளும் கரைத்ததில் மூன்று மூன்றாக முக்கி, சேர்த்தாற்போல எண்ணெயில் விடணும். பாகு சரியாக இருந்தால் பத்துப் பதினைந்து நாளானாலும் கெடாது.

எது எந்த வீட்டுக்கு என்பதையும் பலகாரமே முடிவு செய்கிறது. முந்திரிக்கொத்து அடிபட்டாலும் தாங்கும்; பார்சலில் வெளியூருக்குப் போகும். அச்சு முறுக்கு கைபட்டாலே நொறுங்கும். அது பக்கத்து வீடுகளுக்கு, தீபாவளிக்கு அதிரசத்தட்டு வந்த வீடுகளுக்கு முதலில். பெங்களூரிலிருக்கும் நாத்தனாரோ வருடாவருடம் அச்சு முறுக்குதான் வேணும் என்பாள், போய்ச்சேர்வது பொடிதான். போன டிசம்பரில் அத்தை அவளுக்குப் பொட்டலம் கட்டவில்லை. "நீ போய் சுட்டுக் குடுத்துட்டு வா" என்று அச்சைப் பழைய துணியில் சுற்றி என் பையில் வைத்தார். கூடவே முற்றலாகப் பார்த்து நாலு தேங்காயும். அந்த ஊர்த் தேங்காயில் பால் எப்படி வருமோ என்று அவருக்குக் கவலை.