மூட்டையைக் கொக்குவிலில் இறக்குங்கள்

பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டால் நுவரெலியா, இல்லாவிட்டால் கண்டி. நம் வீடுகளில் பயணம் என்றால் வேன் பிடிப்பதும், வளைவுக்கு வளைவு சின்னவன் வாந்தி எடுப்பதும், இறங்கிய இடத்தில் படம் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறுவதும்தான். சகோதரியே, ஒரு முறை வேனை மறந்துவிட்டுச் சைக்கிளில் போய்ப் பாருங்கள் என்றால் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

மேல்நாடுகளில் 'கிரவல் பைக்' என்று ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. தார் போடாத கல்லுத் தெருவிலும் மண் பாதையிலும் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரில் 2006ஆம் ஆண்டு 200 மைல் தூரத்துக்கு இப்படி ஒரு பந்தயம் தொடங்கினார்கள். இப்போது பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் அதற்குப் போகிறார்கள். அந்தச் சைக்கிளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் அதன் இரகசியம் முக்கியமாக டயரில்தான் இருக்கிறது. தார் வீதியில் ஓடும் பந்தயச் சைக்கிளின் டயர் 25 முதல் 28 மில்லிமீற்றர் அகலம். கிரவல் சைக்கிளுக்கு 40 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். இனி உங்கள் வாப்பா ஓடிய பழைய பெரிய சைக்கிளின் டயரைத் துடைத்துப் பாருங்கள். 28க்கு ஒன்றரை என்று எழுதியிருக்கும். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீற்றர்! நம் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடப்பதைத்தான் அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்தச் சைக்கிளுக்கு ஏற்ற நிலம் யாழ்ப்பாணக் குடாநாடு. மேடு பள்ளம் என்ற பேச்சே இல்லை. கீரிமலைக்குப் போனாலும் பெயரில்தான் மலை இருக்கும். பெரிய வீதிகளுக்குத் தார் போட்டாயிற்று. அவற்றுக்கு நடுவே செம்மண் ஒழுங்கைகளும், சுண்ணாம்புக் கல் பரப்பிய பாதைகளும், பனங்காட்டு வழிகளும் இன்னும் கிடக்கின்றன. பெண்கள் சைக்கிள் ஓடுவதை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாட்டியும் ஓடுவார், ஆசிரியையும் சேலையோடு ஓடுவார். நமக்கு இது சின்ன விஷயமா?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். நாளுக்கொரு ஊராகத் தங்குவதா, ஒரே இடத்தில் மூட்டையை இறக்கிவிட்டுத் தினமும் போய்த் திரும்புவதா? இளவட்டங்கள் என்றால் எப்படியும் போகட்டும். குடும்பமாகப் போகிறவர்கள் ஒரே இடத்தில் தங்குங்கள். இடம் மாறும் ஒவ்வொரு நாளிலும் பாதி நாள் மூட்டை கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் போய்விடும். யார் கட்டுவார்கள், யார் அவிழ்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குடும்பத்தில் தினமும் ஒருவருக்கு ஏதாவது இருக்கும். ஒரு நாள் உம்மும்மாவுக்குக் கால் வலி, மறு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு நாள் உங்களுக்கே முடியாது. ஒரே வீட்டில் இருந்தால், முடியாதவர் அன்று படுத்துக்கொள்வார். மற்றவர்கள் போய் வருவார்கள். யாருடைய பயணமும் கெடாது.

அந்த வீடு கொக்குவிலில் இருக்கட்டும் என்பேன். யாழ் நகரிலிருந்து வடக்கே 4 கிலோமீற்றர் அளவில், காங்கேசன்துறை வீதியில் இருக்கும் ஊர். வில் என்றால் நீர்நிலை என்று பொருள் சொல்வார்கள். பக்கத்திலேயே கோண்டாவில், இணுவில். கொக்குவிலில் கடல் இல்லை. சுற்றுலாக்காரர் தேடி வரும் இடம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் குடாநாட்டின் வீதிகள் யாழ் நகரிலிருந்து விசிறி மட்டைகள் போல விரிகின்றன. கொக்குவில் அந்த விசிறியின் பிடிக்குச் சற்று மேலே இருக்கிறது. காங்கேசன்துறை வீதி ஊருக்குள்ளேயே போகிறது. கிழக்கே திருநெல்வேலியைத் தாண்டினால் பலாலி வீதி. மேற்கே ஆனைக்கோட்டைப் பக்கம் மானிப்பாய் வீதி. நகரத்து நெரிசலில் பிள்ளைகளை மாட்டிவிடாமல் மூன்று திசைக்கும் ஒழுங்கை வழியாகவே இறங்கலாம்.

மனது வேறொன்று சொல்லும், தெரியும். தங்குவதானால் சோனகத் தெருவில் அல்லவா தங்க வேண்டும்? 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஜின்னா மைதானத்தில் கூட்டி வைத்துச் சொன்னார்கள். வீடு, கடை, நகை, சைக்கிள் எல்லாம் அங்கேயே. இதை வாசிக்கும் உங்களில் சிலர் அன்று கைப்பிள்ளைகளாகப் புத்தளம் வந்தவர்களாக இருக்கலாம். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கி வர, கொக்குவில் உட்பட வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. அவர்களிடம் சைக்கிள் இருந்தது. கிழவர்களையும் அரிசி மூட்டையையும் அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். எரிபொருள் தடை இருந்த அந்த ஆண்டுகளில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. பெடலை மிதித்து, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட ஊர் அது. நீங்கள் தங்கப்போகும் வீட்டு அம்மாவுக்கும் ஒரு ஒக்டோபர் 30 இருக்கும். அவர் பேசினால் கேளுங்கள், உங்களுடையதையும் சொல்லுங்கள்.

ஆகவே முதல் நாள் சவாரி சோனகத் தெருவுக்கே இருக்கட்டும். மெதுவாகப் போனாலும் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். திரும்பி வந்தவர்களின் வீடுகளையும், இன்னும் மரம் முளைத்துக் கிடக்கும் சுவர்களையும் பார்ப்பீர்கள். ஒஸ்மானியாக் கல்லூரி இருக்கிறது, பள்ளிவாசலில் பாங்கு கேட்கிறது. ஜும்ஆவுக்கு ஆண்கள் வர வேண்டியதும் இங்கேதான்.

வடக்கே ஒரு நாள்: இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் வழியாகக் கந்தரோடை, முடிந்தால் கீரிமலை. வலிகாமம் வடக்கில் இராணுவம் வைத்திருந்த காணிகள் கட்டம் கட்டமாகத்தான் விடுபட்டன. கம்பி வேலியும் பலகையும் கண்டால் பிள்ளைகளைத் திருப்புங்கள். கிழக்கே போவதுதான் எனக்குப் பிடித்த வழி. கோப்பாய், நீர்வேலி வாழைத் தோட்டங்கள், வெங்காயப் பாத்திகள், பிறகு ஆழம் பேர்போன நிலாவரைக் கிணறு. செம்மண் வழி என்றால் இதுதான். மேற்கே சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை தாண்டிப் பொன்னாலைக் கடற்பாலத்தால் காரைநகர். அது நீண்ட நாள். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். பருத்தித்துறையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், போக மட்டும் 30 கிலோமீற்றர் வரும். நெடுந்தீவுக்கும் சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் குறிகாட்டுவான் போய்ப் படகேறுங்கள். போகும் வழியில் தெரிவது ஊர்காவற்றுறைத் தீவுப் பகுதி. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்குதான் அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கே என்று பராக்கிரமபாகு மன்னன் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு நயினாதீவில் இருக்கிறது. பிற நாட்டு வணிகரைக் காப்பதற்கு 12ஆம் நூற்றாண்டில் போட்ட சட்டம் அது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். கொக்குவில் சைவர்களின் ஊர். இடியப்பம், சொதி, புட்டு, மரக்கறி என்று கேட்டுவிட்டால் ஹலால் சந்தேகமே எழாது. இறைச்சி வேண்டுமென்றால் சோனகத் தெருவிலிருந்து கொண்டுவரலாம். ஆனால் அந்த வீட்டுச் சமையலறையில் இறைச்சி ஏறுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பனையில் இறக்கும் கருப்பநீர் வேறு, கள் வேறு; சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கியதுதானா என்று விசாரித்து வாங்குங்கள். தோட்டப் பக்கக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று கலந்திருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கொதிக்க வைத்தாலும் அது போகாது. கைக்குழந்தைக்குப் போத்தல் தண்ணீர்தான்.

தொழுகையில் ஒரு விஷயம். ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக ஓரிடத்தில் நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தால் கஸ்ர் சலுகை நின்றுவிடும். ஒரே வீட்டில் வாரம் முழுவதும் இருப்பவர் முழுமையாகவே தொழ வேண்டியிருக்கும். 15 கிலோமீற்றர் போய்த் திரும்புவது புதிய பயணமாகாது. சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுவிட்டு ரயில் ஏறுங்கள்.

காலம்: மாரி மழை ஓய்ந்த மாசி, பங்குனி நல்லது. ஆனால் 2025இலும் 2026இலும் நோன்பு அந்த நாட்களில்தான் வந்தது; பிறையைப் பார்த்து நாள் குறியுங்கள். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று எழும்பிவிடும். கடற்பாலத்தில் எதிர்க்காற்றில் மிதிப்பது மலை ஏறுவதற்குச் சமம்.

அபாயாவோடு ஓடுவதானால் குறுக்குக் குழாய் தாழ்ந்த சைக்கிளும், முழுச் செயின் கவரும், பின்சில்லுக்கு வலையும் கட்டாயம். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வையுங்கள், மண்ணில் பிடிக்கும். பனை மட்டையின் கருக்கு ரியூப்பைக் கிழித்துவிடும். கையில் ஒரு மேலதிக ரியூப் இருக்கட்டும். மாலையில் வீடு வந்ததும் செம்மண் படிந்த உடுப்பை உடனே நனைக்காதீர்கள். கொடியில் காய விட்டு, உதறி, பிறகு ஊறப் போடுங்கள்.